டேனியல் காத்திருந்த சீட்டு

மகன் பிரித்த, டிராகனும் வீரனும் மோதும் விளையாட்டின் புதுச் சீட்டுக்கட்டின் மை வாசனை என்னைச் சின்ன வயசு ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்கு இழுத்துப்போனது. அப்பா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு டேனியல்மீது என் டிராகன் சீட்டை ஏவினேன். அவன் ஒரு குட்டி வீரனை வைத்துத் தடுத்தான். நான் சிரிக்கையில், சண்டைக்கு நடுவிலும் இறக்கக்கூடிய மந்திரச் சீட்டைப் போட்டான். வீரனின் பலம் ஏறி, டிராகன் செத்தது.

“முன்னாடியே போட்டிருக்கலாமேடா?” என்றார் அப்பா, பேனாவை மூடிவைத்து.

“போட்டிருந்தா இவன் அட்டாக்கே பண்ணியிருக்க மாட்டான், அங்கிள்.”

அப்பா அவன் தலையைக் கோதினார். எனக்கு வயிறு எரிந்தது.

மறுவாரம் நானும் அப்படியே காத்திருந்து ஜெயித்தேன். ஆசையாக நிமிர்ந்தால், அப்பா டேனியலைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

இப்போதும் போனில், “டேனியல் எப்படிடா இருக்கான்?” என்பார்.

தெரியாது என்றுவிடுவேன்.