தடுப்பூசிப் பெட்டியில் தும்பிகள்

கேமராவில் மாட்டும் குழாய் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, "உள்ள பாருங்க சிஸ்டர், கண்ணாடியே கெடையாது" என்று சிரித்தார் எங்கள் மருந்தாளுநர். உண்மைதான். வெறும் கறுப்பு வளையம். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டினால் எறும்பின் கண்கூடப் பெரிதாகத் தெரியும். ஜமுனாமரத்தூரைத் தாண்டி, மலையில் ஒரு சிறிய சுகாதார நிலையத்தில் அவரும் நானும் வேலை பார்த்தோம். நான் கிராமச் செவிலி. அவர் படவேட்டுப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துக்காரர். நோயாளிகளிடம் ஒருநாளும் குரல் உயர்த்தாதவர்.

அவர் எடுத்த படங்களில் தும்பிகள் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் நானும் ஒரு பழைய கேமராவும் மூன்று குழாய்களும் வாங்கினேன். குழாயை மாட்டியதும் வெளிச்சம் குறைந்தது. லென்ஸைப் பூச்சியின் முகத்தருகே கொண்டுபோக வேண்டியிருந்தது. உடம்பையே நூலளவு முன்னும் பின்னும் சாய்த்துத்தான் படத்தைத் தெளிவாக்க முடியும். தெளிவதற்குள் பூச்சி பறந்துவிடும். ஒரு மழைக்காலம் முழுக்கச் சாமைக் கொல்லைகளில் முழங்கால் சேறாகத் திரிந்தேன். கிடைத்ததெல்லாம் வெற்று இலைகள். "மூச்சு வுடாம நிக்கணும் சிஸ்டர், உங்களுக்குப் பொறுமை பத்தல" என்பார். நம்பினேன். என் கைகளையே வெறுத்தேன்.

தடுப்பூசிக் குளிர்பெட்டியின் சாவி அவரிடம்தான் இருக்கும். ஒரு புதன்கிழமை அவர் வரத் தாமதமானதால், மருத்துவரிடமிருந்த மாற்றுச் சாவியை வாங்கி நானே திறந்தேன். தட்டம்மை மருந்துக் குப்பிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. உள்ளே, மாத்திரை உறைகளில் தும்பிகளும் ஒரு கும்பிடுபூச்சியும் விறைத்துக் கிடந்தன. ஒரு தும்பியின் கால் மட்டும் மெல்ல நீண்டது.

அவர் வந்ததும் டப்பாவை மேசைமேல் வைத்தேன்.

"இன்னா சிஸ்டர், ரெண்டு பூச்சி. குளுர்ல மயங்கி நிக்கும், போட்டோ எடுத்துக்கலாம். வெயில்ல வெச்சா பறந்துடும்."

"எல்லாம் பறந்துச்சாங்க?"

அவர் டப்பாவை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். மருத்துவர், சூடு பட்டால் நிறம் மாறும் குப்பி லேபிள்கள் மாறவில்லை என்று காட்டி, "பெருசு பண்ணாதீங்கம்மா" என்றார். தினமும் இருவேளை அந்தப் பெட்டியின் வெளியே தெரியும் குளிரளவைக் குறித்துக் கையெழுத்திடுபவள் நான். இடையில் அது எத்தனை முறை பூச்சிக்காகத் திறந்தது என்று எந்தத் தாளிலும் இல்லை. மேலிடத்துக்கு எழுதினேன். மருந்து முழுவதையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அன்று கைக்குழந்தையோடு இரண்டு மலை இறங்கி வந்த ஒருத்தியிடம், இன்று ஊசி இல்லை என்று நான்தான் சொன்னேன். "அடுத்த வாரம் வர்றேன் சிஸ்டர்" என்று போனாள். வரவில்லை. மூன்று முறை அவள் வீடு ஏறிப் போய்த்தான் அந்தக் குழந்தைக்கு ஊசி போட்டேன்.

மருந்தாளுநரைக் கலசப்பாக்கம் பக்கம் மாற்றினார்கள். காட்டிக்கொடுத்தவள் என்று என்னிடம் பேசாமல் இருந்தவர்களும் உண்டு. விடியற்காலைப் பனியில் பூச்சிகள் தாமாகவே அசையாமல் உட்கார்ந்திருக்கும் என்பதைப் பிறகுதான் கண்டுகொண்டேன். சீக்கிரம் எழுந்திருந்தாலே போதும். அதுகூட முடியாதவர்தான் எனக்குப் பொறுமை இல்லை என்றார்.

போன மாதம் கைப்பேசியில் ஒரு தும்பிப் படம் அனுப்பியிருந்தார். கீழே ஒரு வரி: "இன்னும் கோவமா சிஸ்டர்?"

"ஆமாங்க" என்று அனுப்பினேன்.