கிளுவை வேலியில் ஒரு சந்து

கவைக்கம்பால் முள்ளை ஓர் அமுக்கு அமுக்கிவிட்டு, இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்க்கிறார் கருத்தக்கண்ணன். திருப்தி இல்லை. மறுபடியும் அமுக்குகிறார். பழங்காநத்தம் பக்கத்து நூல் மில்லைச் சுற்றி ஓடும் வேலிக்கு அவர்தான் காவல், வைத்தியர், எல்லாம். கோழி நுழைந்துவிட்டால் கோழிக்காரியைத் திட்டமாட்டார், வேலியைத்தான் திட்டுவார். "ஒனக்கு வெக்கமா இல்ல?"

முப்பத்திரண்டாம் வருஷம் மில்லுக்கு அஸ்திவார வானம் தோண்டியபோது, உசிலம்பட்டியிலிருந்து வண்டி வண்டியாகக் கிளுவைப் போத்து கொண்டுவந்து நட்டவர். அந்த முதல் மழையைப் பற்றிப் பேச்செடுத்தால் மனிதருக்குக் குரல் இளகிவிடும். "அம்புட்டும் ஒரே வாரத்துல பச்ச கட்டிருச்சுண்ணே. அந்தக் காலமெல்லாம் இனி வருமா?"

மத்தியானச் சங்கு ஊதியதும் வேலியின் ஒரு சந்து வழியாக, வீட்டார் வெளியிலிருந்து நீட்டும் கைக்குழந்தைகள் உள்ளே வரும். மில்லில் வேலை பார்க்கும் தாய்மார் வரிசையாக உட்கார்ந்து பால் கொடுப்பார்கள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நிற்பார். எத்தனையோ வருஷமாக, மில்லில் அவருக்குப் பிடித்த அரைமணி அதுதான்.

போன மாதம் நூல்கட்டுகள் காணாமல் போயின. "எந்த வழியாய்யா போகுது?" என்று கேட்டார் புது மானேஜர். கருத்தக்கண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஓணான்கூட நுழையாதுங்கய்யா. சந்துன்னா இது ஒண்ணுதேன். பிள்ளைக்காரிக பால் குடுக்க நாந்தேன் விட்டு வச்சேன்."

பெருமை பேசப்போய் மாட்டிக்கொண்டார். அந்த இடத்தில் மார்பளவுக்கு முள்கம்பி கட்டும்படி அவருக்கே உத்தரவு. இனி வேலியைத் தாண்டி எது கைமாறினாலும் அவர் சீட்டு கிழிந்துவிடும்.

நேற்றுச் சாயங்காலம் கட்டி முடித்தார். இன்று சங்கு ஊதியதும் முதலில் ஓடிவந்தவள் மாயக்காள். வெளியே நாத்தனார் கையில் அவளுடைய நாலு மாதப் பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அவள் மாராப்பு நனைந்திருந்தது.

"என்னண்ணே, நீங்களே அடச்சுட்டீகளே!"

நேர் எதிரே மானேஜர் அறையின் ஜன்னல் திறந்திருந்தது. கருத்தக்கண்ணன் அதை ஒருதரம் பார்த்தார். பிறகு தலைப்பாகையை அவிழ்த்து, நாலாக மடித்து, மேல்கம்பியின் முள்மேல் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் வெளியே நீட்டினார்.