உருகிய பாறையிலும் அடுக்கு உண்டு

ஸ்ரீவைகுண்டத்தில் நெல் விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தவர் எங்கள் அக்கா. முதலாண்டு நினைவாக வரும் இம்மலரில் அவரைச் சாந்தமானவர் என்று எழுதும்படி உறவினர் சிலர் சொன்னார்கள். அவர் அப்படி இருந்ததில்லை. நானும் அப்படி எழுதப்போவதில்லை.

அக்கா கல்லூரியில் நிலவியல் எடுத்தபோது, "பொம்பளப்பிள்ளைக்குக் கல்லு உடைக்கிற படிப்பா?" என்று சிரித்தார்கள். அப்பா இறந்த பிறகும் டியூஷன் எடுத்துக்கொண்டே ஆராய்ச்சிப் பட்டம்வரை போனார்.

அவர் ஆராய்ந்த கரும்பாறைக் குன்றில், ஆற்று மணல் படிந்ததுபோல வெளுப்பும் கறுப்புமாக வரிகள் இருந்தன. தண்ணீரில் படிந்த பாறை என்று ஆய்வேட்டைத் திருத்தச் சொன்னார் வழிகாட்டிப் பேராசிரியர். அக்கா மறுத்தார். பூமிக்குள் உருகிக் கிடந்த குழம்பு மெல்ல ஆறும்போது, கனமான படிகங்கள் அடியில் இறங்கி உண்டான அடுக்கு அது என்றார். இரண்டு ஆண்டுகள் கையெழுத்துக் கிடைக்கவில்லை.

"ஒரு வரிதானேக்கா, மாத்திக் குடுத்தா என்ன?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

"ஏலே, அவரு சொல்லுதாருன்னு பாறை மாறிருமா?"

கடைசியில் பேராசிரியரைக் குன்றுக்கே வரவழைத்தார். தண்ணீர்க் கேனோடு நானும் ஏறினேன். கரும்பாறை பழைய பாறையைப் பிளந்து நுழைந்திருந்த இடத்தில் அக்கா நின்றார்.

"சார், தண்ணியில படிஞ்சது இப்படிக் குறுக்க கிழிச்சிக்கிட்டு ஏறுமா? ஓரத்தைப் பாருங்க, சட்டுனு ஆறினதால படிகம் பொடிப்பொடியா இருக்கு. பக்கத்துப் பாறை வெந்து கிடக்கு."

அவர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். மறுவாரம், ஒரு வரியும் மாற்றாத ஆய்வேட்டில் கையெழுத்திட்டார்.

பின்னர் அக்கா தூத்துக்குடியில் கல்லூரி ஆசிரியரானார். மில்லர்புரத்தில் தனியே வாழ்ந்தார். நோய் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அத்தை ஒருவர், "ஏளா, கல்யாணம் கட்டியிருந்தா பாக்க ஆளு இருந்திருக்கும்லா" என்றார். அக்கா கட்டிலைச் சுற்றி நின்ற மாணவிகளைக் காட்டினார். "இம்புட்டுப் பேரு எந்த வீட்டுல இருக்காக அத்தை?"

அந்த மாணவிகள் சுடுகாட்டுக்கும் வந்தார்கள். பெண்கள் வரக்கூடாது என்று வாசலில் மறித்தவர்களை விலகச் சொன்னேன். அக்காவுக்காக நான் பிடித்த முதல் பிடிவாதம் அது. தாமதம்தான்.

அந்த மாணவிகளுக்கும், முகம் சுளிக்காமல் கவனித்த நர்சுகளுக்கும், அன்று வெயிலில் குன்றேறி வந்த பேராசிரியருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. மறித்தவர்களுக்கும் இம்மலரை அனுப்பியிருக்கிறேன். படியுங்கள்.