மாதாவின் கன்னம்

சுவிட்சர்லாந்தின் ஆராவில் பிறந்து வளர்ந்த சஜீதா, பாசலில் ஒரு நூலகத்தில் பழைய கையெழுத்துப் புத்தகங்களைப் பழுதுபார்க்கிறாள். ஐந்நூறு வருடத்துக்கு முந்திய பிரெஞ்சு செபப்புத்தகம் ஒன்றோடு ஒரு கோடை முழுவதும் மல்லுக்கட்டினாள். கன்றுத்தோலில் எழுதி, ஓரமெல்லாம் பொன்னும் பூங்கொடியுமாகத் தீட்டிய புத்தகம். கண்காட்சியில் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைக்கும் வேலை உனக்குத்தான் என்று மேலாளர் பியூர்கி அம்மையார் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காகவே அவள் விடுமுறைகூட எடுக்கவில்லை.

அதில் மண் விழுந்தது ஒரு காற்றால். மாதா படமுள்ள தாள், தையல் விட்டுத் தனியாக மேசையில் கிடந்தது. அம்மையார் படாரென்று கதவைத் திறந்தார். தாள் பறந்து வந்து சஜீதாவின் சப்பாத்தின் மேல் விழுந்தது. இரு கையாலும் பக்குவமாக எடுத்து வைத்தாள். அதோடு நின்றிருக்கலாம். புத்தகத்தில் கால் பட்டுவிட்டதே, யாழ்ப்பாணத்துப் பெற்றோர் வளர்த்த கை சும்மா இருக்குமா? மாதாவின் கன்னத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

"ஓவியத்தையா தொட்டாய்?" என்றார் அம்மையார்.

ஜெர்மன் மொழியில் எவ்வளவோ விளக்கினாள். விளக்க விளக்க அது அவளுக்கே பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. கதவைத் திறந்தவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிப் பெட்டி வேலை மட்டும் வேறொருவருக்குப் போய்விட்டது.

கண்காட்சி தொடங்கிய அன்று அப்பா யேசுதாசனைக் கூட்டிக்கொண்டு போனாள். பெட்டிக்கு அருகே நின்று அம்மையார் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார்.

"மாதாவின் கன்னம் தேய்ந்திருப்பதைப் பாருங்கள். யாரோ ஒரு பெண் நாள்தோறும் தொட்டு மன்றாடியிருக்கிறாள். இந்தப் புத்தகத்திலேயே எனக்குப் பிடித்தது இந்தத் தேய்மானம்தான்."

கூட்டம் உருகிப்போனது. சஜீதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ தொட்டதும் இதையோ பிள்ளை?" என்று அப்பா மெல்லக் கேட்டார்.

"ஓம் அப்பா."

"பிறகேன் உன்னை ஏசினவை?"

"அந்த மனுசி செத்து ஐந்நூறு வருசம். நான் இன்னும் இங்க வேலை செய்யிறன்."

கூட்டம் விலகியதும் அப்பா கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாதாவின் முகத்துக்கு மேலே விரல் அடையாளம் பதிந்தது. காவலாளி துணியோடு வந்தான். சஜீதாவின் கழுத்தில் தொங்கிய ஊழியர் அட்டையைப் பார்த்ததும் துணியை அவளிடமே நீட்டினான்.

வாங்கித் துடைத்தாள். அந்தக் கண்காட்சியில் அவள் கைக்குக் கிடைத்த வேலை அது ஒன்றுதான்.