செல்வியிடம் சொல்லாத வேலை

ஒரு நாவலை எழுதி முடிப்பதற்காக, என்னை அக்கா என்று அழைத்த ஒருத்திக்குக் கிடைக்க வேண்டிய வேலையை நான் மறைத்தேன். அவள் மறுபடியும் பட்டாசு ஆலைக்குப் போனாள். இன்று அவளுடைய வலது கை விரல்கள் மடங்குவதில்லை. காதும் கேட்பதில்லை.

இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போக நினைத்தால் நீங்கள் இப்போதே போகலாம். உங்கள் மேல் வருத்தப்பட மாட்டேன்.

இருக்கிறீர்களா... சரி, கேளுங்கள்.

குளிர்காலத்தில் எனக்கு எழுத்து வராது. வெம்பக்கோட்டைச் சாலையில் என்ன பெரிய குளிர்காலம் என்று நீங்கள் சிரிக்கலாம். எங்களுக்கு இருப்பது வெயில் காலமும் வெயில் குறைந்த காலமும்தான்! ஆனாலும் கார்த்திகை மழை விட்டு, அணையில் கொஞ்சம் தண்ணீர் ஏறி, காலையில் பனி இறங்கத் தொடங்கியதும் என் மனசு சுருண்டு படுத்துக்கொள்ளும். தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். என்னைப் பொறுத்தவரை அது தைக்கு முன்பே மூளையைத் துளைத்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், எனக்கு ஓய்வு கிடைப்பதும் அந்த மாதங்களில்தான். நான் சிவகாசி அச்சகம் ஒன்றுக்குத் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போடும் துணுக்குகளை எழுதிக் கொடுப்பவள். பழமொழி, கைவைத்தியம், பொன்மொழி... நீங்கள் கிழித்துக் கசக்கி எறிந்த தாள்களில் நானும் இருந்திருப்பேன். ஆடிக்குள் எழுதிக் கொடுத்துவிடுவேன். அச்சில் பிழை திருத்துவது தீபாவளி வரை இழுக்கும். தீபாவளிக்குப் பிறகு என் கதைகளுக்கென்று நேரம் கிடைக்கும். நேரம் இருந்து என்ன செய்ய? வெள்ளைத்தாளை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்த வறட்சியைப் போக்கியவள் செல்வி. எதிர்வீட்டுக்காரி. கணவனை இழந்தவள். ஒரே மகள் விருதுநகரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். பட்டாசு ஆலையை நாங்கள் பயர் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பயர் ஆபீஸுக்கு அவள் காலையில் வேனில் போவாள். இருட்டும் நேரத்தில், கையெல்லாம் அலுமினியப் பவுடர் மினுங்க, பேசத் தெம்பில்லாமல் வந்து இறங்குவாள்.

தீபாவளி முடிந்தால் அவளுடைய ஆபீஸைப் பூட்டிவிடுவார்கள். பொங்கல் கழிந்து பூஜை போட்டுத்தான் திறப்பார்கள். அதுவரை வேலை இல்லை. முருங்கைக் கீரையையோ மொச்சைக்காயையோ எடுத்துக்கொண்டு, என் வாசலில் விழும் இளவெயிலுக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். வருஷம் முழுக்க வேனுக்குள் சேர்ந்த பேச்சு அப்போதுதான் வெளியே வரும்.

என்ன பேச்சு அது! வேனில் யார் யாருக்கு இடம் பிடித்து வைத்தார்கள், வேன் டிரைவரை மடக்கிக் கல்யாணம் செய்தவள் மாமியாரிடம் எப்படி மாட்டினாள், பேச்சியம்மாள் என்பவள் கோவித்துக்கொண்டு வேனை விட்டு இறங்கி வெயிலில் நடந்தே வீடு வந்த கதை... பாதி பொய்யாகத்தான் இருக்கும். எனக்கென்ன! அவள் எழுந்து போனதும் பேனா தானாக ஓடும். அவளுடைய நகக்கண்ணில் ஒட்டியிருந்த சாம்பல் நிறம் ஒவ்வொரு மார்கழியிலும் மெல்ல மெல்ல வெளுப்பதையும் பார்த்துக்கொண்டே இருப்பேன். அதையும் எழுதினேன். எதைத்தான் எழுதாமல் விட்டேன்?

அந்த வருஷம் கார்த்திகையில் ஒருநாள் அவள் கதையைப் பாதியில் நிறுத்தினாள்.

"அக்கா, ஒங்களுக்குத் தெரிஞ்ச பிரஸ்ல எதாச்சும் வேல இருந்தா சொல்லுங்கக்கா. தையில அங்கன திரும்பிப் போக மனசே வரல. பயமாருக்கு."

அதற்கு முன் பயம் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. கட்டாயம் சொல்கிறேன் என்றேன். அப்போது அது உண்மைதான். நம்புங்கள், அப்போது உண்மைதான்!

அடுத்த வாரமே அச்சகத்திலிருந்து பைண்டிங் சூப்பர்வைசர் போன் செய்தார். காலண்டர் சீசன் முடிந்தாலும் நிறுத்தாமல் வைத்துக்கொள்ளும்படி ஒரு பெண் தேவை, உங்கள் தெருவில் நல்ல ஆள் இருந்தால் அனுப்புங்கள் என்றார். தாள் அடுக்குவதும் தகரப் பட்டை மாட்டுவதும்தான் வேலை. வெடிமருந்து கிடையாது, நெருப்பு கிடையாது. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்களே, அப்படி வந்தது.

போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். செல்வி கீரையோடு உட்கார்ந்திருந்தாள். "வாங்கக்கா, பேச்சியம்மா கதைய விட்ட எடத்துலேர்ந்து சொல்லுதேன்" என்றாள்.

நான் உட்கார்ந்தேன். கேட்டேன். வேலையைப் பற்றிச் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? அவள் அச்சகத்துக்குப் போனால் காலை பஸ்ஸில் ஏறி மாலையில்தான் வருவாள். என் வாசல் வெறிச்சோடிவிடும். அவள் பேச்சை வைத்து எழுதிவந்த நாவல் பாதியில் நின்றது. இந்த அத்தியாயம் முடியட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நாளை, மார்கழி முழுவதும் நாளையாகவே இருந்தது.

சூப்பர்வைசர் மறுபடி கேட்டார். இந்த இடத்தில் நான் தவறவில்லை, துணிந்தே செய்தேன்.

"விசாரிச்சுப் பாத்தேன் தம்பி. யாரும் வரமாட்டேங்காக" என்றேன்.

அதைச் சொன்னபோது செல்வி கூப்பிடு தூரத்தில்தான் இருந்தாள். மொச்சை உரித்துக்கொண்டு, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு.

பொங்கலுக்கு நாவல் முடிந்தது. முடித்த கையோடு, புண்ணியவதி போல அச்சகத்துக்குப் போன் செய்தேன். ஆள் போட்டாயிற்று என்றார் சூப்பர்வைசர். "நீங்கதானக்கா யாரும் வரலன்னு சொன்னீக?" என்று கேட்டார். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. மனிதர் உண்மையிலேயே குழம்பிப் போயிருந்தார்.

ஆபீஸ் திறந்த அன்று செல்வி நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வேன் ஏறினாள். ஜன்னல் வழியாக எனக்குக் கையசைத்தாள். நானும் அசைத்தேன்.

பங்குனியில் ஒரு நண்பகல். வீட்டுக் கதவு அதிர்ந்தது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அந்த அதிர்வு தெரியும். சத்தம் ஓய்வதற்குள் எல்லோரும் தெருவுக்கு வந்து, புகை எந்தத் திசையில் எழுகிறது என்று பார்ப்போம். திசையைப் பார்த்து, தம் வீட்டு ஆள் போகும் பக்கம் இல்லையென்றால் மூச்சு விடுவார்கள். நானும் வந்து நின்றேன். என் கையில் அந்த நாவலின் அச்சுப்பிரதி இருந்தது. புகை ஏழாயிரம்பண்ணைப் பக்கம் எழுந்தது.

அவள் பிழைத்தாள். பிழைத்தாள் என்றுதான் ஊரில் சொல்கிறார்கள்.

அவள் மருத்துவமனையில் கிடக்கும்போதே நாவல் வந்தது. பாராட்டினார்கள்! ஒரு கூட்டத்தில் ஓர் இளம்பெண் எழுந்து, குளிர்காலச் சோர்வில் கற்பனை வற்றாமல் எப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். விடியற்காலையில் எழுவேன், சுக்குக் காப்பி குடிப்பேன், கொஞ்சம் நடப்பேன் என்றேன். கைதட்டினார்கள். அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.

'தன் வினை தன்னைச் சுடும்' என்று எத்தனையோ காலண்டர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் வினை என்னைச் சுடவில்லையே... எதிர்வீட்டுக்காரியை அல்லவா சுட்டது!

அவளிடம் சொல்ல முயலவில்லையா என்று கேட்பீர்கள். சொன்னேன். அவள் காதுக்கு எட்ட வேண்டுமானால் தெருவே கேட்கும்படி கத்த வேண்டும். நான் கத்தவில்லை. அவளுக்குப் பின்னால் நின்று, தாழ்ந்த குரலில், ஒன்று விடாமல் சொன்னேன். அவள் திரும்பவில்லை. இடது கையால் கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள். எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா! அந்த ஆறுதலை நினைத்தால்தான் இன்றும் சோறு இறங்க மறுக்கிறது.

அவளுக்கு எழுத்தும் தெரியாது. ஆனால் மகளுக்குத் தெரியும். நான் எழுதுவதையெல்லாம் தேடிப் படிக்கிற பிள்ளை. இதையும் படிப்பாள். அதற்காகத்தான் எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் உங்களிடம் இன்னொரு பொய் எதற்கு?

செல்வி இப்போதும் என் வாசலுக்கு வருகிறாள். வேனில் போகாததால் அவளிடம் புதுக் கதைகள் இல்லை. சொன்னவற்றையே திரும்பச் சொல்கிறாள், காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில். இந்த மார்கழியில் எழுத எனக்கு எதுவும் அகப்படவில்லை. தாள் வெள்ளையாகவே கிடந்தது. அப்போதுதான் இதை எழுதத் தொடங்கினேன். தொடங்கியதும் பேனா ஓடியது... பழையபடி, தானாக ஓடியது!

இது மனசாட்சியா? இல்லை, இந்தக் குளிர்காலத்துக்கு எனக்குக் கிடைத்த கதையா? எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இன்று காலையும் வந்தாள். நான் எழுதுவதைப் பார்த்து, இடைஞ்சல் செய்யாமல் தள்ளி உட்கார்ந்தாள். பிறகு மடங்காத அந்தக் கையை வெயிலில் நீட்டி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, பிரஸ்ல ஒத்தக் கையால செய்யுத மாதிரி எதாச்சும் வேல இருந்தா சொல்லுங்கக்கா. மறந்துராதீக."

சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

அவள் சந்தோஷப்பட்டு, பேச்சியம்மாள் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் பேனாவை எடுத்தேன்.