டிராயிங் ரூம் மணி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், பிசாசு, காத்து, கறுப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவள் நான், பரிசுத்த ஆவியைத் தவிர வேறெந்த ஆவியோடும் எனக்குக் கொடுக்கல் வாங்கல் இருந்ததில்லை. அதிலும் என் தொழிலுக்குப் பயம் இருந்தால் ஒரு நாள் கூடக் கடை நடத்த முடியாது. பழைய பங்களாக்களில் கழித்துப் போடுகிற அலுமாரி, கட்டில், பித்தளை விளக்கு, பீங்கான் சாமான் எல்லாவற்றையும் வாங்கி, சுத்தம் பண்ணி, ஹட்டனில் வைத்து விற்கிறேன். சுற்றுலாக்காரர்களுக்கு வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் கேட்டால் போய் உள்ளே அலங்காரமும் செய்து கொடுப்பேன். "இது செத்தவங்க படுத்த கட்டிலா?" என்று யாராவது இழுத்தால், "பழைய கட்டில்னா யாராச்சும் செத்துதான் இருப்பாங்க, நீங்க கரையான் இருக்கான்னு மட்டும் பாருங்க" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் உங்கள் இஷ்டம்.

பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்து பங்களா. தோட்டத்தை நடத்திய துரைமார் இருந்த காலம் போய், பூட்டிக் கிடந்து, கொழும்பு முதலாளி ஒருவர் அதைக் குத்தகைக்கு எடுத்து விருந்தினர் விடுதியாக்கிக்கொண்டிருந்தார். உள் அலங்காரம் என் பொறுப்பு. அந்த மனுஷனுக்குக் கண்ணில் பட்ட பழைய சாமான் எல்லாவற்றையும் ஒரே அறைக்குள் திணிக்க வேண்டும் என்று ஆசை, கிராமபோன் குழாயில் பூச்செடி வைக்கலாமா என்று கேட்டார், எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நல்ல பழைய பொருளுக்குச் சுற்றிலும் கொஞ்சம் வெற்றிடம் வேண்டும், மரத்துக்கு வர்ணம் பூசக் கூடாது, மெழுகு போட்டால் போதும், அது தன்பாட்டில் பேசும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றார். சமைக்கிற குசினிக்குப் பக்கத்து நடையில் இருந்த மணிப்பலகையைக் கழற்றி முன் மண்டபத்தில் மாட்ட வேண்டும், வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுப்பார்கள் என்றார்.

மணிப்பலகை தெரியுமா? ஒரு நீளப் பலகை, அதில் வரிசையாகப் பித்தளை மணிகள், ஒவ்வொன்றும் ஒரு சுருள் கம்பியில் தொங்கும். கீழே டைனிங் ரூம், டிராயிங் ரூம், பெட் ரூம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அறையில் இருந்துகொண்டு கயிற்றை இழுத்தால் சுவருக்குள் ஓடுகிற கம்பி இங்கே மணியை ஆட்டும், எந்த அறையில் கூப்பிடுகிறார்கள் என்று வேலைக்காரர்களுக்குத் தெரியும். அழகான சாமான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் என் அம்மா வேறொரு தோட்டத்தில் இப்படி ஒரு பலகைக்குக் கீழேதான் பாதி ஆயுளைக் கழித்தார். பங்களா வேலை. மணி கேட்டால், "இந்தா வந்துட்டேங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டேதான் ஓட வேண்டும், குரல் கொடுக்காமல் போனால் துரையின் பெண்சாதி, துரைசாணிக்குப் பிடிக்காதாம். அந்தப் பழக்கம் அம்மாவோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. கோயில் மணி அடித்தாலும் சொல்வார், டெலிபோன் அடித்தாலும் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்கும் ஒட்டிக்கொண்டது, இப்போதும் வாசலில் பெல் அடித்தால் என்னை அறியாமல் வாய் அதைத்தான் சொல்லும்.

அதனாலேயோ என்னவோ, எந்த பங்களாவுக்குப் போனாலும் நான் முன்வாசல் வழியாகத்தான் நுழைவேன். அம்மா ஒரு நாளும் மிதிக்காத வாசல். அது என் திமிர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பலகையில் மணி நாக்குகளிலெல்லாம் யாரோ துணி சுற்றிக் கட்டியிருந்தார்கள். பங்களாவைக் கூட்டித் துடைக்கிற ராணியின் வேலை அது. நான் அவிழ்க்கப் போனதும் ஓடி வந்தாள்.

"துணிய எடுக்காதீங்கக்கா, சத்தம் வரும்."

"கம்பியெல்லாம் அறுத்துப் போட்டாச்சு, பாரு. கம்பி இல்லாத மணி எப்படிடி சத்தம் போடும்?"

"அது எனக்குத் தெரியாதுக்கா. வந்தா கண்டுக்காம இருந்துருவேன், அம்புட்டுதான். வாயத் தொறந்து பதில் மட்டும் குடுத்துறாதீங்க."

நான் சிரித்தேன். கரண்ட் வேலைக்கு வந்தவர்கள் அந்தக் கம்பிகளை அறுத்து மூலையில் சுருட்டி வைத்திருந்ததை என் கண்ணால் பார்த்தவள் நான். துணிகளை அவிழ்த்து, புளி போட்டுத் தேய்த்து, மணிகளைப் பளபளவென்று ஆக்கிவிட்டுத்தான் அன்று வீட்டுக்குப் போனேன்.

பலகையைக் கழற்றப் போன நாளில் மகள் டிலுவையும் கூட்டிப் போக வேண்டியதாயிற்று. பள்ளிக்கூட விடுமுறை, அவளுடைய அப்பா கட்டாரில் வேலை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஆறு வயது. வளைவுப் பாதையில் வாந்தி எடுத்துக் களைத்து, போய்ச் சேரும்போது நன்றாகத் தூங்கிவிட்டாள். எழுப்ப மனம் வரவில்லை. முன்வாசலுக்கு நேரே வேனை நிறுத்தி, சால்வையைப் போர்த்தி, கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கி, கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். நாலு ஆணி கழற்றுகிற வேலை, உடனே வந்துவிடலாம் என்று கைப்பையையும் போனையும் கூட வேனிலேயே விட்டுவிட்டேன். பகல்தான், சாப்பாட்டு நேரம் கழிந்து கொஞ்ச நேரம் இருக்கும். ஆனால் பனிமூட்டம் இறங்கிக் கிடந்தது. ராணி தன் பிள்ளையைப் புள்ளக் காம்பராவிலிருந்து தூக்கி வரக் கீழே போயிருந்தாள், தோட்டத்தில் தாய்மார் வேலை முடியும் வரை கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் அது. குளிர் உள்ளே வரக் கூடாதென்று முன்கதவைச் சாத்திவிட்டு நடைக்குப் போனேன்.

ஸ்டூலில் ஏறி முதல் ஆணியில் கை வைத்ததும் மணி அடித்தது. என் கைக்கு எட்டாமல் தள்ளியிருந்த டிராயிங் ரூம் மணி. நான் பலகையைத் தொடக் கூட இல்லை. சுருள் கம்பி துள்ளத் துள்ள நன்றாக இழுத்து அடித்த மாதிரி அடித்தது.

"இந்தா வந்துட்டேங்க!"

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே தெரிந்தது. வெட்கமாகப் போய், தனியாக நின்று சிரித்தேன். ராணிதான் திரும்பி வந்து விளையாடுகிறாளோ என்று டிராயிங் ரூமுக்குப் போய்ப் பார்த்தேன், யாரும் இல்லை. கணப்படுப்புக்கு முன்னால் நான் போட்டு வைத்த உயர்ந்த முதுகுள்ள பெரிய நாற்காலி, குட்டி மேசை, தூசிக்குப் போர்த்திய துணிகள், அவ்வளவுதான். எதற்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று முன்கதவுக்குப் போனேன். பிடி திரும்பியது, கதவு அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன், காலால் உதைத்தேன், ம்ஹூம்.

கதவின் மேல் பாதி கண்ணாடி. அதன் வழியாக வேன் தெரிந்தது. டிலு எழுந்துவிட்டாள். இரண்டு கையாலும் வேன் கண்ணாடியை அடித்துக்கொண்டு, வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தாள். சத்தமே கேட்கவில்லை. நான் இந்தப் பக்கம் நின்று "டிலு! டிலு!" என்று கத்துகிறேன், அவள் திரும்பியே பார்க்கவில்லை. சாவி என் பாவாடைப் பையில். பெற்றவளுக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

ஜன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி. பின்பக்கம் ஓடினேன், குசினிக் கதவும் அப்படியே, வெளியே பூட்டும் இல்லை உள்ளே தாழும் இல்லை, ஆனால் சுவரோடு சுவராக நின்றது. திரும்ப முன்னால் ஓடி வந்து, நான் எவ்வளவோ அலைந்து தேடிக் கொண்டுவந்து வைத்த பித்தளைக் குத்துவிளக்கைத் தூக்கிக் கண்ணாடியில் ஓங்கி அடித்தேன். விளக்குத் தண்டு வளைந்தது. கண்ணாடியில் கீறல் கூட விழவில்லை. உள்ளே அந்த மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது, அதே டிராயிங் ரூம் மணி, கொஞ்சம் விட்டு, திரும்பவும், கூப்பிட்ட ஆளுக்குப் பொறுமை போய்க்கொண்டிருக்கிற மாதிரி.

மாதாவே, மாதாவே என்று சொல்லிக்கொண்டு நடையில் நின்றபோதுதான் அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. குரல் கொடுத்துவிட்டால் முடிந்தது, அந்த வேலையை முடித்து, போ என்று சொல்கிற வரை வெளியே போக முடியாது, பிள்ளை பாலுக்கு அழுதாலும் அப்படித்தான் என்பார். அழுத பிள்ளை நான்தான், லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். மத்தியானம் தாண்டிப் பின்னேரத்தில் டிராயிங் ரூம் மணி அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், தேத்தண்ணி.

சிரிக்காதீர்கள். வேறு வழி இல்லாதபோது நீங்களும் செய்வீர்கள். அலங்காரத்துக்கென்று நான் கொண்டுவந்த நீலப்பூப் போட்ட பீங்கான் செட் டைனிங் ரூமில் இருந்தது. அடுப்பு இல்லை, காஸ் இல்லை, தேயிலை ஒரு தூள் கூட இல்லை, தோட்டத்து நடுவிலேயே. என் போத்தலில் இருந்த பச்சைத் தண்ணீரைக் கேத்தலில் ஊற்றி, கோப்பை, சாசர், கரண்டி எல்லாம் தட்டத்தில் அடுக்கித் தூக்கிக்கொண்டு போனேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஆனால் கை தானாகவே அடுக்கியது. டிராயிங் ரூம் வாசலைத் தாண்டியதும் தலை குனிந்துகொண்டது. நிமிர்த்திப் பார்த்தேன், கழுத்து வரவில்லை. துரைசாணியின் முகத்தைப் பார்க்கக் கூடாது, தட்டத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று அம்மா சொல்வதுண்டு. என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் மேசை, கோப்பை, என் கைகள். ஊற்றினேன்.

"வேற ஏதும் வேணுங்களா, தொரசாணி?"

அந்தச் சொல் என் வாயில் வந்தது அன்றுதான் முதல் தடவை. பதில் இல்லை. நான் நின்றேன். போக நினைத்தேன், கால் வரவில்லை. வெளியே என் பிள்ளை அழுகிறாள், நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் தெரியாது. திடீரென்று கால் விட்டது. அந்த நொடியே குசினிப் பக்கத்திலிருந்து குளிர்காற்று வந்து முகத்தில் பட்டது.

குசினிக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. முன்கதவை நான் முயற்சி செய்து கூடப் பார்க்கவில்லை. பின்வாசலால் இறங்கி, சேற்றில் செருப்பை விட்டுவிட்டு, பங்களாவைச் சுற்றி ஓடினேன்.

வேன் பூட்டியபடியே இருந்தது. டிலு அழவில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூக்கி அணைத்துக்கொண்டு எஞ்சினைப் போட்டவள், கடைவீதி வரும் வரை நிறுத்தவில்லை. அங்கேதான் அவள் வாயைத் திறந்தாள்.

"அம்மா, நாக்கு எரியுது."

பார்த்தேன். நாக்கு நுனியெல்லாம் சிவந்து, வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தது.

"என்னத்தடி சாப்பிட்ட?"

"நீங்கதானே சுடச்சுட ஊத்திக் குடுத்தீங்க. சீனி கூடப் போடல."

"எங்க வச்சு?" என்று கேட்டேன்.

"பெரிய கதிரையில ஒக்காந்திருந்தேன்ல. நான் அம்மா அம்மான்னு கூப்புட்டேன், நீங்க என்னையப் பாக்கவே இல்ல. தலையக் குனிஞ்சுக்கிட்டே நின்னீங்க. அப்பறம் நான் போதும், போங்கன்னு சொன்னேன். ஒடனே போய்ட்டீங்க." பிறகு கேட்டாள், "தொரசாணின்னா யாரும்மா?"

ஹட்டன் டவுனில் வளர்கிற பிள்ளை. என் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை, அவள் பிறப்பதற்கு முன்பே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். டொக்டர் பார்த்துவிட்டு, கொதிக்கிற தண்ணீர் பட்ட புண், பிள்ளைக்குக் கவனமாக ஆற்றிக் கொடுக்கத் தெரியாதா என்று என்னைத்தான் ஏசினார். பச்சைத் தண்ணீர் ஊற்றினேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவள் கதிரையில் இருந்தாள் என்றால் வேனுக்குள் அழுதது யார் என்று யாரிடம் கேட்பது?

அந்த வேலையை விட்டுவிட்டேன். வேறு ஆட்களை வைத்துப் பலகையைக் கழற்றி மண்டபத்தில் மாட்டிவிட்டார்கள் என்று கேள்வி, ஆட்கள் படம் எடுக்கிறார்களாம். எடுக்கட்டும். கடையை இன்னும் நடத்துகிறேன், இப்போதும் சொல்கிறேன், பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை இல்லை. டிலுவின் நாக்கும் ஆறிவிட்டது. அவளுக்கு இப்போது ஒன்பது வயது. நன்றாகப் படிக்கிறாள், எந்தக் குறையும் இல்லை. ஆனால் பின்னேரத்தில் அவளுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய் முன்னால் வைத்தால் என் கால் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. எவ்வளவோ முயற்சி செய்து பார்த்துவிட்டேன். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "போதும், போங்க" என்கிறாள். அதற்குப் பிறகுதான் என்னால் நகர முடிகிறது. சில நாட்களில் அவள் அதைச் சொல்லாமல் வேண்டுமென்றே நேரம் கடத்துகிறாள்.