எஸ்தர் வாசித்த பத்திரிகை

சம்பளம் இல்லாத உத்தியோகங்களில் மிகக் கடினமானது, சொந்தக்காரப் பிள்ளைக்கு ஒரு வேலை பிடித்துக் கொடுப்பது. வேலை கிடைத்தால் அது பிள்ளையின் சாமர்த்தியம். போய்விட்டால் நம்முடைய குற்றம். மருமகனுக்கோ பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கோ நீங்களும் இந்த உத்தியோகம் பார்த்திருப்பீர்கள். ஆகவே உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அப்போது எனக்கு அமரவிளைப் பாலத்துக்குப் பக்கத்தில் வாடகைச் சைக்கிள் கடை. எங்கள் பக்கம் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டமும், கேரளத்திலேயே நிற்க வேண்டும் என்று ஒரு கூட்டமும் ஊர் ஊராகச் சுற்றிய காலம். இரண்டு கூட்டமும் என் சைக்கிளில்தான் போயிற்று. பஞ்சராக்கித் திருப்பித் தருவதில் மட்டும் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது.

என் அக்காள் மகள் எஸ்தர் நெய்யாற்றின்கரையில் ஐந்தாம் ஃபாரம் படித்துக்கொண்டிருந்தாள். நல்ல படிப்பு, வாய் கொஞ்சம் நீளம். ஒரு நாள் அத்தான், "பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு போதும். கொல்லத்துல என் தம்பி உண்டு. அண்டியாபீசுல சேத்து விடுவான்" என்றார். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலைக்கு எங்கள் பக்கத்தில் அண்டியாபீசு என்று பெயர். எஸ்தர் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. என் மனைவி ராகேல்தான் நடுவில் புகுந்து ஓர் ஒப்பந்தம் பேசினாள். பள்ளிக்கூட நேரம் போக மிச்ச நேரத்தில் எஸ்தர் ஏதாவது வேலைக்குப் போக வேண்டும். தன் படிப்புச் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை இருக்கும்வரை பள்ளிக்கூடம். வேலை போனால் கொல்லம். அத்தான் சம்மதித்தார். வேலையை யார் தேடுவது என்ற கேள்வி வந்தபோது ராகேல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கடையில இருந்து ஊர்ல போறவன் வாறவனையெல்லாம் பாத்திட்டுத்தானே இருக்கிய. அப்படியே ஒரு வேலையும் பாருங்க."

உள்துணி

முதலில் தையல்காரர் மரியதாசனிடம் சேர்த்து விட்டேன். சாயங்காலம் வந்து பொத்தான் தைக்க வேண்டும், ஓரம் மடக்கி அடிக்க வேண்டும். மரியதாசனுக்கு ஒரே ஒரு வேதம்தான் உண்டு: துணி வீணாகக் கூடாது. வெட்டு விழுந்த துண்டைக்கூடப் பைக்குள் திணித்து வைப்பார். எஸ்தர் அந்த வேதத்தை ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டாள்.

தமிழ்ப் பக்கத்தார் ஊர்வலத்துக்கு ஒரு பெரிய பதாகை கேட்டார்கள். வாங்கிய துணி சல்லடை மாதிரி இருந்தது. உள்ளே இன்னொரு துணி வைத்துத் தைத்தால்தான் காற்றுக்கு நிற்கும். மூலையில் ஒரு பழைய துணி மடித்துக் கிடந்தது. எஸ்தர் அதை உள்ளே வைத்து அழகாக நாலு பக்கமும் அடித்துக் கொடுத்தாள். அது கேரளப் பக்கத்தார் கிழிசல் தைக்கக் கொடுத்திருந்த போன மாதத்துப் பதாகை. கடைக்குள் இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. காலையில் ஊர்வலம் பாலத்தில் ஏறியதும் சூரியன் நேர் எதிரே. தமிழ் எழுத்துக்குப் பின்னாலிருந்து மலையாள எழுத்து ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. கோஷம் போட்டவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். எதிரே வேடிக்கை பார்த்து நின்ற கேரளப் பக்கத்தார், தங்கள் கோரிக்கையைத் தமிழர்களே தூக்கிக்கொண்டு வருவதைக் கண்டு கை தட்டினார்கள்.

அன்று மத்தியானமே மரியதாசன் என் கடைக்கு வந்துவிட்டார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். சத்தம் போடாமல் மெதுவாகச் சொன்னார்: "துணிய மிச்சம் பிடின்னு சொன்னது நாந்தான். கட்சிய மிச்சம் பிடிக்கச் சொல்லல்லியே, மக்கா."

சோடாக் கம்பெனி

அடுத்து அதியன்னூர் போகிற வழியில் ஒரு சோடாக் கடைக்காரரைக் கேட்டேன். கோலி சோடாக் குப்பி கழுவும் வேலை. சனிக்கிழமை மட்டும் போதும் என்றார். எனக்கு உடனே சந்தோஷம். சாட்சிக்கு ராகேலையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவள், "கூட்டம் நடக்கிற நாள்ல குப்பி திரும்பி வர நேரமாகுமா?" என்று சும்மா கேட்டாள். அந்த நாட்களில் இரண்டு கூட்டமும் பக்கத்துப் பக்கத்தில் நடந்தால், பேச்சு முடிகிறபோது சோடாக் குப்பிதான் பேசும். கடைக்காரர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். நெற்றியின் தழும்பைத் தடவிக்கொண்டார்.

"நேரமெல்லாம் ஆவாது, அம்மா. ஆனா குப்பி கைக்கு வாறதில்ல, தலைக்காக்கும் வாறது."

எழுத்துக்கு முன்னே கணக்கு

தாலுகா ஆபீசில் வேலை பார்த்த குமாஸ்தா ஒருவர் சைக்கிள் எடுக்க வருவார். அவருடைய மகனுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும் என்றார். எழுத்திருத்துச் சடங்கு முடிந்து, அரிசியில் விரல் பிடித்து எழுதிய பையன். எஸ்தர் சிலேட்டும் குச்சியுமாகப் போனாள். பையனின் அம்மா வந்து, "முதல்ல தமிழ் எழுத்து சொல்லிக் குடு" என்றாள். பையனின் அப்பா ஆபீசிலிருந்து வந்து, "முதல்ல மலையாளம்" என்றார். இரண்டு பேருக்கும் அது வரைக்கும் சண்டை வந்ததில்லை. எஸ்தர் போன அன்று வந்தது.

மறுநாள் குமாஸ்தா ஆபீஸ் மூளையோடு ஒரு தீர்ப்புச் சொன்னார். எல்லை முடிவாகிற வரைக்கும் எழுத்தே வேண்டாம்; கணக்கு மட்டும் போதும். எஸ்தர் அப்படியே செய்தாள். பையன் கூட்டல் கழித்தல் எல்லாம் போட்டான். தன் பெயரை எழுதத் தெரியாது. எல்லாம் சரியாகத்தான் போயிற்று. ஆனால் ஒரு நாள் எஸ்தரின் நாக்கு அடங்காமல், "எல்லைத் தீர்ப்பு வர இன்னும் வருஷங்கள் ஆனா, பய கல்யாணப் பத்திரிகையில பேருக்குப் பதிலா நம்பர் போடணுமே, சாரே?" என்று கேட்டுவிட்டாள். குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எந்த ராச்சியத்துல அவனுக்கு உத்தியோகம்ன்னு எனக்கே தெரியல்ல, அதுக்குள்ள உனக்குக் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் தெரியுதாக்கும். நாளைக்கு வர வேண்டாம், பிள்ளே."

ஒரு பத்திரிகை, இரண்டு வாசிப்பு

மூன்றும் போனதும் அத்தான் கொல்லத்துக்குக் கடிதம் போடப் பேனா தேடினார். அந்தச் சமயத்தில்தான் வேலாயுதம் முதலாளியின் வேலை வந்தது. தேங்காய் வியாபாரத்தில் இருந்து ஓய்ந்து, கண்ணில் பூ விழுந்து வீட்டோடு இருந்தார். காலை முதல் பஸ்ஸில் மலையாளப் பத்திரிகை வரும். அதைப் பள்ளிக்கூடம் போகும் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். முதலாளிக்குச் சொந்த ஊர் குழித்துறை. உடன்பிறந்தவர்கள் எல்லாம் அங்கே. அவர் உயிர் தமிழ்ப் பக்கம். அவருக்குத் தமிழில் மாற்றி வாசிக்க வேண்டும். அவர் மனைவி பகவதியம்மா நெய்யாற்றின்கரைக்காரி, வாசிக்கத் தெரியாதவர், கேரளப் பக்கம். அந்த அம்மாளுக்கு அடுக்களையில் போய் மலையாளத்திலேயே வாசிக்க வேண்டும்.

முதல் நாள் எஸ்தர் உள்ளது உள்ளபடி வாசித்தாள். முதலாளி கோபத்தில் காப்பி குடிக்கவில்லை. பகவதியம்மாவும் வேறொரு செய்திக்குக் கோபப்பட்டுக் காப்பி ஊற்றவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் சச்சரவே இல்லை என்று கேள்விப்பட்டு எனக்கே ஆச்சரியம். ஒரு நாள் அந்த வீட்டு வேலைக்காரனின் சைக்கிளைக் கொண்டு கொடுக்கப் போனவன் வாசலில் நின்று கேட்டேன். வராந்தாவில் எஸ்தர் தமிழில் வாசித்தாள்: "குழித்துறையில் மாபெரும் கூட்டம். ஜனத்திரளைக் கண்டு அதிகாரிகள் திகைத்தனர்." முதலாளி தொடையில் தட்டினார். பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அங்கே அதே கூட்டத்துக்கு மழை பெய்து ஆளே வரவில்லை. பகவதியம்மா, "கொள்ளாம் மோளே" என்று மெச்சி அவளுக்கு ஒரு அப்பம் கொடுத்தார்.

திரும்பி வரும் வழியில் கேட்டேன், "ஏட்டி, குழித்துறையில மழை பெஞ்சுதா, இல்லியா?" அவள் அப்பத்தை மென்றுகொண்டே சொன்னாள்:

"முன்வாசல்ல பெய்யல்ல, மாமா. அடுக்களையில நல்ல மழை."

கறுத்துப்போன பக்கம்

இப்படி ஒரு வேலை எத்தனை நாள் நிற்கும் என்று எனக்குப் பயம். ராகேலிடம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். உதவி ஒன்றும் செய்யவில்லை. நான் பயந்தது போலவே ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் முதலாளி, "நெய்யாற்றின்கரையும் நமக்குத்தான்னு பேப்பர்ல போட்டாச்சு" என்றாராம். பகவதியம்மா, "அதே பேப்பர்லயாக்கும் குழித்துறை வரைக்கும் ஞங்களுக்குன்னு போட்டிருக்கு" என்றாராம். சோறு ஆறிப்போயிற்று. ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்கு எழுத்துத் தெரியாது. தீர்த்து வைக்க அந்தப் பத்திரிகையை வேலைக்காரன் கையில் என் கடைக்கு அனுப்பினார்கள்.

நான் பள்ளிக்கூடம் அதிகம் கண்டவன் இல்லை. பொட்டலம் சுற்றி வந்த தாள்களைக் கூட்டி வாசித்துத்தான் இரண்டு மொழியும் படித்தேன். அன்றைக்கு மட்டும், படித்திருக்க வேண்டாமே என்று தோன்றியது. இரண்டு ஊரும் யாருக்கு என்று பத்திரிகையில் ஒரு வரியும் இல்லை. கடையில் இரு கூட்டத்து ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். சங்கிலி மாட்டிய கையோடு பத்திரிகையை வாங்கினேன். விரித்தேன், மடித்தேன், திருப்பினேன், எல்லைச் செய்தி போட்டிருந்த இடத்தை நன்றாக விரலால் தடவித் தடவித் தேடினேன். கிரீஸ் கை ஆயிற்றே. தேடி முடித்தபோது அந்தப் பக்கத்தில் செய்தி எதுவும் மிச்சமில்லை. "மன்னிக்கச் சொல்லு" என்று திருப்பி அனுப்பினேன். வேலைக்காரன் போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"முதலாளி சொல்லச் சொன்னாரு: சைக்கிள்கடைக்காரனுக்கு எந்தப் பக்கமும் ஒரே கறுப்பாக்கும்ன்னு."

கொல்லத்துக்காரர் வந்த நாள்

கடைசியில் முடிவு வந்தேவிட்டது. அது வரும் என்று ஊர் முழுக்கப் பேச்சு கிளம்பிய உடனே அத்தான் தம்பிக்கு ஆள் அனுப்பிவிட்டார். "எல்லை தீர்ந்தா பொறவு யாரு பேப்பர் கேக்கப் போறா? அந்த வேலையும் தீர்ந்தது" என்பது அவர் கணக்கு. அதில் தப்புச் சொல்ல எனக்கு வழியில்லை. பத்திரிகைக் கட்டு வந்த அதே பஸ்ஸில் கொல்லத்துத் தம்பியும் வந்து இறங்கினார். மத்தியான பஸ்ஸுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று என் கடை பெஞ்சில் உட்கார்ந்தார். அக்காள் எஸ்தரின் பாவாடைகளை ஒரு துணிப்பையில் மடித்து வைத்திருந்தாள்.

எஸ்தர் கடையிலேயே பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தாள். குழித்துறை தமிழ்நாட்டுப் பக்கம். நாங்கள் கேரளப் பக்கம். பத்திரிகையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். "மாமா, இத முன்வாசல்ல எப்படி வாசிக்க?" என்றாள். "இன்னைக்கு ரெண்டு இடத்திலயும் ஒரே மழைதான், மக்கா. நடந்தத வாசி" என்று சொல்லி நானும் கூடப் போனேன். முதலாளி தலையிலிருந்து கால்வரை கோபமாக இருப்பார், இனி வராதே என்பார், பஸ் வரும், பிள்ளை போய்விடும் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டே நடந்தேன்.

முதலாளி வராந்தாவில் இருந்தார். "அடுக்களையில இருக்கியவளையும் கூப்பிடு. இன்னைக்கு ஒரு தடவை வாசிச்சாப் போதும்" என்றார். எஸ்தர் வாசித்தாள், ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல். முடிந்ததும் முதலாளி, "அப்போ என் வீடு அங்கயும், நான் இங்கயும்" என்றார். ஜெயித்த பக்கத்துப் பகவதியம்மா எழுந்தார். உள்ளே போய்க் காப்பியை எடுத்து வந்து, முதலாளியின் கையைப் பிடித்து அந்தக் கையிலேயே டம்ளரை வைத்தார். எஸ்தர் பத்திரிகையை மடித்து, "அப்போ நான் போவட்டுமா, முதலாளி? இனி வர வேண்டாமில்லியா?" என்று கேட்டாள்.

முதலாளி காப்பியை ஒரு மிடறு குடித்தார். "குழித்துறையில இருந்து என் மச்சினன் சந்தைக்குச் சந்தை வாறான், ஏட்டி. நெசம் சொல்ல எனக்கு அவன் உண்டு. நேத்து வரைக்கும் நீ வாசிச்ச பேப்பர் இத விட எவ்வளவோ கொள்ளாம். நாளைக்கு அதக் கொண்டு வா."

கொல்லத்துக்காரர் மத்தியான பஸ்ஸில் ராகேல் கொடுத்த ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு தனியாகத் திரும்பினார். எஸ்தர் அந்த வீட்டில் பள்ளிக்கூடம் முடியும் வரைக்கும் வாசித்தாள். குழித்துறையில் என்னென்ன நடந்தது என்று குழித்துறைக்காரர்களுக்கே தெரியாது. பிள்ளைகளுக்கு வேலை தேடி அலைகிறவர்களுக்கு நான் சொல்லக் கூடியது இவ்வளவுதான்: நாம் பிடித்துக் கொடுக்கிற வேலை ஒன்று, பிள்ளை அங்கே போய்ச் செய்கிற வேலை வேறொன்று, சம்பளம் எப்போதும் இரண்டாவதுக்குத்தான்.